‘சர்க்கரை குறையட்டும், பல்லை அப்புறம் பார்க்கலாம்’ என்று சொல்லும் மருத்துவர்களுக்கு

மதிப்புக்குரிய சர்க்கரை நோய் மருத்துவர்களே, பொது மருத்துவர்களே, ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணிபுரியும் மருத்துவ அலுவலர்களே,

நான் ஈறு நோய்களுக்கு வைத்தியம் பார்க்கும் பல் மருத்துவர். உங்களிடம் வைத்தியம் பார்த்துக்கொள்பவர்கள் என்னிடம் வரும்போது, நீங்கள் எழுதிய கோப்பையும் துணிப்பையில் போட்டு எடுத்துவருகிறார்கள். அதனால் உங்கள் கையெழுத்து எனக்கு நல்ல பழக்கம். கோப்பைப் புரட்டும்போது உங்கள் மேல் மரியாதைதான் கூடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி, வருடத்துக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் ஆல்புமின், கிரியேட்டினின், ஈசிஜி, நைலான் இழையால் தொட்டுப் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்த குறிப்பு. இத்தனையும் இருக்கும். வாயைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இருக்காது. இருந்தால் கடைசிப் பக்கத்தில், ‘பல் ஆடுகிறது, பல் மருத்துவரைப் பார்க்கவும்’ என்று இருக்கும். பல் ஆடத் தொடங்கிய பிறகு எழுதிய வரி அது.

அப்படி ஒரு கோப்போடு வந்த அம்மா ஒருவரைச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டியவர், பல வருடச் சர்க்கரை. கீழ் முன்பற்கள் நான்கும் நாக்கு பட்டாலே அசைந்தன. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய ப்ரோப் ஒன்று எங்களிடம் உண்டு. அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கினால், ஆரோக்கியமான வாயில் மூன்று மில்லிமீட்டருக்குள் தட்டி நிற்கும். அவருக்கு எட்டில் போய்த்தான் நின்றது. ப்ரோப்பை வெளியே எடுத்ததும் ஈறின் விளிம்பில் ரத்தம் கோடாக ஊறி, பல்லிடுக்கில் இறங்கியது. வலி கொஞ்சமும் இல்லை. எவ்வளவு நாளாக ரத்தம் வருகிறது என்று கேட்டேன். “ரெண்டு மூணு வருஷமா வருதுங்க. டாக்டர்கிட்ட சொன்னேன். சுகர் முந்நூறுல நிக்குது, அது குறையட்டும், அப்புறம் பல்லைப் பார்க்கலாம்னாரு. அது எங்கங்க குறையுது?” என்றார்.

‘அப்புறம் பல்லைப் பார்க்கலாம்’ என்ற அந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் கைவிட வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். எந்த மருத்துவர் சொன்னார் என்பது எனக்கு முக்கியமில்லை. வாரத்தில் பலர் வாயிலிருந்து இதே வாக்கியத்தைக் கேட்கிறேன். இது ஒருவரின் கவனக்குறைவு இல்லை, ஊரறிந்த வழக்கமாகிவிட்டது.

நீங்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறீர்கள், தெரியும். சர்க்கரை அதிகமாக இருக்கும்போது பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாது, கிருமி தொற்றும் என்ற கவலை நியாயமானது. ஆனால் அந்தக் கவலைக்கு அடியில் இரண்டு அனுமானங்கள் இருக்கின்றன. பல் மருத்துவரிடம் போனால் பிடுங்கத்தான் செய்வார் என்பது ஒன்று. ஈறு நோய் என்பது ஒழுங்காகப் பல் தேய்க்காதவர்களுக்கு வரும் அழுக்கு நோய், அதற்கும் நாம் பார்க்கும் ரத்தச் சர்க்கரைக்கும் பெரிய சம்பந்தமில்லை என்பது இன்னொன்று. முதல் அனுமானத்தை ஒரு வரியில் தள்ளிவிடலாம்: ஈறுக்கு அடியில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பதற்குக் கத்தி வேண்டாம், பெரும்பாலும் தையலும் வேண்டாம். இரண்டாவதோடுதான் எனக்குச் சண்டை.

நார்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரின் குழு 1970-ல் இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனது. அங்கே வேலை செய்த 480 ஆண்களை, பெரும்பாலும் நம் மலையகத் தமிழ்த் தொழிலாளர்களை, 1985 வரை திரும்பத் திரும்பப் பரிசோதித்தது. அந்தத் தொழிலாளர்கள் நாமறிந்த வகையில் பல் துலக்கியதில்லை, பல் மருத்துவரைப் பார்த்ததும் இல்லை. எல்லோர் பல்லிலும் கிருமிப் படலமும் காரையும் அப்பியிருந்தன, எல்லோர் ஈறும் வீங்கியிருந்தது. சொத்தை மட்டும் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. (பதினைந்து வருடம் வந்து வந்து அளந்து போனதைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

அழுக்குதான் நோய் என்றால் எல்லோருக்கும் ஒரே கதி நேர்ந்திருக்க வேண்டும். நேரவில்லை. நூற்றுக்கு எட்டுப் பேருக்கு நோய் படுவேகமாகப் பரவியது. 81 பேருக்கு மிதமாக நகர்ந்தது. மீதி 11 பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி ஒன்றும் ஆகவில்லை. முப்பத்தைந்து வயதில் முதல் கூட்டத்தாரின் பற்கள் சராசரியாக ஒன்பது மில்லிமீட்டர் பிடிப்பை இழந்திருந்தன. கடைசிக் கூட்டத்தார் ஒரு மில்லிமீட்டர்கூட இழக்கவில்லை. அதே தோட்டம், அதே சாப்பாடு, அதே படலம். 1986-ல் வெளியான இந்தக் கணக்கு எங்கள் துறையையே திருப்பிப் போட்டது. கிருமி வேண்டும், அதில் சந்தேகமில்லை. அது இல்லாமல் நோய் தொடங்காது. ஆனால் எவ்வளவு அழியும், எவ்வளவு வேகமாக அழியும் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது அந்த உடல் கிருமிக்குக் கொடுக்கும் பதில். அந்தப் பதிலைத் தாறுமாறாக்கும் நோயைப் பார்ப்பவர்கள் நீங்கள்.

அந்தப் பதில் எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். இன்டர்லூக்கினைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முடக்குவாத மூட்டில் நடப்பதைத் தெரிந்தவர்களுக்கு ஈறில் நடப்பது புதிதாகவும் இருக்காது. கிருமியின் சுவரிலிருந்து உதிரும் பொருட்களை ஈறின் செல்கள் உணர்கின்றன. இன்டர்லூக்கின்-1 பீட்டா, டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6, புரோஸ்டாகிளான்டின் இ2 என்று அழற்சிச் செய்திகள் கிளம்புகின்றன. ரத்தக் குழாயிலிருந்து நியூட்ரோஃபில்கள் ஆயிரக்கணக்கில் அந்த இடுக்குக்கு வருகின்றன. வருகிறவை வெறுங்கையோடு வருவதில்லை. கொலாஜனை வெட்டும் நொதியை, எம்எம்பி-8 என்று நாங்கள் அழைப்பதை, முன்கூட்டியே தயாரித்துத் தம் துகள்களுக்குள் அடைத்துக்கொண்டு வருகின்றன. செய்தி கிடைத்ததும் கொட்ட வேண்டியதுதான் பாக்கி. திசுவுக்குள் வழிவிட்டுப் போகவும் கிருமியை மடக்கவும் அவற்றுக்கு இது தேவை. அளவோடு நடந்தால் நமக்கு நல்லதும்கூட.

எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது ஃபைப்ரோபிளாஸ்ட்டின் நடத்தை. ஈறின் கொலாஜனை நெய்து வைத்ததே அதுதான். பல்லை எலும்போடு கட்டிப் பிடித்திருக்கும் நார்களும் அது செய்தவைதான். இன்டர்லூக்கின்-1 பீட்டாவும் டிஎன்எஃப்-ஆல்ஃபாவும் அதன் மேல் தொடர்ந்து விழும்போது, அதன் உட்கருவில் எம்எம்பி-1, எம்எம்பி-3 ஆகியவற்றின் மரபணுக்கள் முடுக்கிவிடப்படுகின்றன. நெய்த கையே வெட்டத் தொடங்குகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை. கூடவே புதிய கொலாஜன் நெய்யும் வேகமும் குறைகிறது. இந்த நொதிகளை அடக்கிவைக்கும் டிம்ப் என்ற தடுப்புப் புரதங்களும் சுரக்கத்தான் செய்கின்றன, ஆனால் நொதி பெருகும் அளவுக்கு அவை பெருகுவதில்லை. தராசு வெட்டும் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இந்த நொதிகள் பூட்டிய நிலையில்தான் வெளிவருகின்றன. நடுவில் ஒரு துத்தநாக அணு இருக்கிறது, அதை மூடியபடி ஒரு சிறு புரதத் துண்டு. நியூட்ரோஃபில் கக்கும் ஆக்சிஜன் கழிவுகளும் வேறு சில நொதிகளும் அந்த மூடியைத் திறக்கின்றன. ஈறுக்கடியில் வாழும் சில கிருமிகளின் புரதச்சிதைப்பான்களுக்கும் அந்த மூடியைத் திறக்கத் தெரியும். திசுவைத் தானாகத் தின்று தீர்ப்பதைவிட, நம் ஆயுதத்தின் பூட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதில்தான் அவற்றின் சாமர்த்தியம் இருக்கிறது. மூடி திறந்த எம்எம்பி-8, கொலாஜனின் மூன்று புரிகளையும் ஒரே இடத்தில், நீளத்தில் முக்கால் பங்கு ஒருபுறமும் கால் பங்கு மறுபுறமுமாக வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டுகள் உடல் வெப்பத்திலேயே புரி அவிழ்ந்து தளர்ந்துவிடும். எம்எம்பி-9 போன்றவை வந்து மீதியைப் பொடியாக்கும். அதே அழற்சிச் செய்திகள் ராங்க்-லிகண்ட் வழியாக எலும்பைக் கரைக்கும் செல்களையும் எழுப்பிவிடுகின்றன. நார் போனபின் பல் பிடித்துக்கொள்ள எலும்பும் இல்லாமல் போகிறது.

கொலாஜனை இப்படி வெட்டும் நொதி ஒன்று இருக்கிறது என்பதே 1962-ல்தான் தெரியவந்தது. ஜெரோம் கிராஸும் சார்ல்ஸ் லாப்பியரும் அதைக் கண்டுபிடித்தது தவளைக்குஞ்சின் வாலில். குஞ்சு தவளையாகும்போது வால் எங்கே போகிறது என்று தேடிப்போனவர்கள் கையில் சிக்கியது இது. அந்த வால் கரைவது வளர்ச்சி. ஈறில் அதே வேலைக்கு நிறுத்து என்று சொல்ல ஆளில்லை.

பல்லைத் தாங்கும் நார்களில் கொலாஜன் அழிந்து புதிதாவது உடலின் பெரும்பாலான இணைப்புத் திசுக்களைவிட வேகமாக நடக்கிறது. ஆகையால் வெட்டும் பக்கம் கொஞ்சம் கூடினாலும், நெய்யும் பக்கம் கொஞ்சம் குறைந்தாலும் இங்கே சீக்கிரம் தெரிந்துவிடும். வைட்டமின் சி இல்லாமல் கடலோடிகளுக்குப் பல் ஆடியதும் இதனால்தான். ஈறு சிவந்து சில நாட்களே ஆன கட்டத்தில், அழற்சி அணுக்கள் குவிந்த சிறு இடத்தில் கொலாஜனின் அறுபது எழுபது விழுக்காடு போய்விடுகிறது என்று 1976-லேயே பேஜும் ஷ்ரோடரும் எழுதினார்கள். அந்தக் கட்டத்தில் படலத்தை எடுத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். எலும்பு கரைந்த பிறகு அப்படி இல்லை. அசைவை நிறுத்தலாம், இருப்பதைக் காப்பாற்றலாம், போனதில் பெரும்பகுதி போனதுதான். நீங்கள் எழுதும் ‘பல் ஆடுகிறது’ என்ற வரி எத்தனை வருடம் தாமதம் என்பது இதிலிருந்து புரியும்.

இதற்குள் சர்க்கரை எங்கே வருகிறது? ரத்தத்தில் குளுக்கோஸ் பல வருடம் கூடுதலாகவே ஓடினால், புரதங்களோடு அது ஒட்டிச் சர்க்கரையேறிய கழிவுகள் உருவாகும். விழித்திரைக்கும் சிறுநீரகத்துக்கும் அவை செய்வது உங்களுக்கு மனப்பாடம். ஈறிலும் அவை படிகின்றன. கொலாஜனை விறைப்பாக்குகின்றன. ரேஜ் என்ற ஏற்பியில் போய் ஒட்டி, மேக்ரோஃபேஜை எப்போதும் பதற்றத்திலேயே வைத்திருக்கின்றன. மற்றவர் உடல் ஒரு பங்கு டிஎன்எஃப் சுரக்கும் இடத்தில் இவர் உடல் அதைவிடக் கூடுதலாகச் சுரக்கிறது, சீக்கிரம் நிறுத்துவதும் இல்லை. சர்க்கரை நோயுள்ள எலிகளில் அந்த ஏற்பியை மறித்தபோது தாடை எலும்பின் இழப்பு குறைந்தது என்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-ல் காட்டினார்கள். சர்க்கரையின் அளவு அப்படியே இருக்க, எலும்பிழப்பு மட்டும் குறைந்தது. நடுவில் இருந்தது அழற்சிச் செய்திதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்னும் பழைய சாட்சி ஒன்றும் உண்டு. 1983-ல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக்கில் லோர்ன் கோலப் என்ற பல் மருத்துவ ஆய்வாளர், சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளின் ஈறில் கொலாஜனை வெட்டும் நொதியின் வேகம் ஏறியிருப்பதைப் பார்த்தார். மினோசைக்ளின் கொடுத்ததும் அது இறங்கியது. கிருமியைக் கொன்றதால் இறங்கியது என்றுதான் நீங்களும் நானும் நினைப்போம். ஆனால் கிருமியே அண்டாத சூழலில் வளர்த்த எலிகளிலும் இறங்கியது. அங்கே கொல்வதற்குக் கிருமி ஏது? மருந்து நொதியையே அடக்குகிறது என்று அவருக்குப் புரிந்தது. பிறகு அவர் குழு டெட்ராசைக்ளினின் கிருமிகொல்லும் தன்மையை வேதியியலால் நீக்கிவிட்டுச் சோதித்தது. அப்போதும் நொதி அடங்கியது. அந்த வழியில் வந்ததுதான் 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 20 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் மாத்திரை. கிருமியைத் தொடாத, எம்எம்பியை மட்டும் குறிவைத்த அளவு அது.

அந்த மாத்திரையை எழுதுங்கள் என்று கேட்க வரவில்லை. சுத்தம் செய்வதோடு சேர்த்துக் கொடுத்தால் கிடைக்கும் கூடுதல் பலன் சிறிதுதான். 2020-ல் வந்த ஐரோப்பிய ஈறு மருத்துவ வழிகாட்டியே அதை வேண்டாம் என்கிறது. கோலப்பின் எலிகளை நான் இழுத்துவந்தது வேறு காரணத்துக்காக. சர்க்கரை நோயில் கிருமி இல்லாமலே ஈறின் நொதி ஏறி நிற்கிறது. அப்படி ஏற்கெனவே ஏறி நிற்கும் வாயில் கிருமியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அரிசோனாவின் ஹீலா ஆற்றுப் பகுதியில் வாழும் பீமா பழங்குடியினரிடம் அந்தக் கணக்கு ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்களுக்குப் புதிதாக ஈறு நோய் வரும் வேகம் மற்றவர்களைப் போல 2.6 மடங்கு.

சர்க்கரையிலிருந்து ஈறுக்கு என்று போக்குவரத்து ஒருவழியாக மட்டும் இருந்திருந்தால் உங்களை இவ்வளவு தொந்தரவு செய்திருக்க மாட்டேன். வாய் முழுக்க ஈறு நோய் முற்றியவருக்கு, ஈறின் உட்புறம் புண்ணாகிக் கிடக்கும் பரப்பைச் சேர்த்துப் பார்த்தால் எட்டிலிருந்து இருபது சதுர சென்டிமீட்டர் வரும். அந்த அளவு புண் காலில் இருந்திருந்தால் அவரை அன்றைக்கே படுக்கையில் சேர்த்திருப்பீர்கள். வாயில் மறைந்திருப்பதால் வருடக்கணக்கில் விட்டுவைக்கிறோம். அங்கிருந்து டிஎன்எஃப்பும் இன்டர்லூக்கின்-6ம் ரத்தத்தில் கலக்கின்றன. இன்சுலின் ஏற்பிக்கு அடுத்த படியிலேயே டிஎன்எஃப் கை வைக்கும் என்பது உங்கள் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். சர்க்கரை குறையட்டும், ஈறைப் பார்க்கலாம் என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள். சர்க்கரையைக் குறையவிடாமல் இழுத்துப் பிடிப்பவற்றில் அந்த ஈறும் ஒன்று. அந்த அம்மா எவ்வளவு காலம் காத்திருந்தாலும் உங்கள் நிபந்தனை நிறைவேறியிருக்காது.

ஆதாரம் கேட்பீர்கள், கேட்க வேண்டும். காக்ரேன் அமைப்பு 2022-ல் முப்பத்தைந்து ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஈறுக்கடியில் சுத்தம் செய்த பிறகு மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.43 புள்ளி இறங்கியிருந்தது, ஆறு மாதத்தில் 0.30. லண்டனில் 264 பேரை இரு தரப்பாகப் பிரித்து, ஒரு தரப்புக்கு மட்டும் தீவிரமாகச் செய்து 2018-ல் வெளியான ஆய்வில், ஒரு வருட முடிவில் இரு தரப்புக்கும் இடையில் 0.6 புள்ளி வித்தியாசம். இன்னொரு மாத்திரை சேர்க்கும்போது நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு இது பக்கத்தில் வருகிறது.

2013-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த 514 பேர் ஆய்வை உங்களில் சிலர் எடுத்து நீட்டுவீர்கள். அதில் எச்பிஏ1சி அசையவே இல்லை, பலன் தெரியாது என்று ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். உண்மைதான், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த ஆய்வின் உள்ளே போய்ப் பாருங்கள். சிகிச்சைக்குப் பிறகும் ப்ரோப் பட்ட இடங்களில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் ரத்தம் கசிந்தது. ஈறின் அழற்சி அடங்கவில்லை என்றால் அந்தச் செய்திகளும் அடங்கவில்லை என்றுதான் பொருள். பிறகு சர்க்கரை ஏன் இறங்கும்? மேலோட்டமாக ஒரு ‘கிளீனிங்’ செய்து அனுப்பினால் பலனில்லை என்பதைத்தான் நான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். அந்தக் குறை எங்கள் தொழிலைச் சேர்ந்தது. ‘ஃபிட்னஸ் வாங்கிட்டு வாங்க’ என்று ஸ்கேலிங்குக்குக்கூட உங்களிடம் திருப்பி அனுப்பும் பல் மருத்துவர்களும் எங்களில்தான் இருக்கிறார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவில் நடந்து களைப்பது நோயாளி.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023 கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். பெரியவர்களில் 11.4 விழுக்காடு. இவர்களில் பெரும்பாலோர் தாமாக ஈறு மருத்துவரைத் தேடி வரமாட்டார்கள். வலி இல்லாத நோய்க்கு யார் வருவார்கள்? எங்கள் தெருவில் பலகை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. உங்களிடம் மட்டும் மாதாமாதம் வருகிறார்கள், உங்கள் சொல்லுக்குக் கட்டுப்படுகிறார்கள். ஆகவேதான் கேட்கிறேன்.

புதிதாகச் சர்க்கரை கண்டுபிடித்த அன்றைக்கே, கண்ணுக்கும் பாதத்துக்கும் எழுதும்போது ஈறுக்கும் ஒரு வரி எழுதுங்கள். சர்வதேச சர்க்கரை நோய்க் கூட்டமைப்பும் ஐரோப்பிய ஈறு நோய்க் கூட்டமைப்பும் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது. பிறகு அவ்வப்போது கேட்டுக்கொள்ளுங்கள்: பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா, பல்லிடுக்கு முன்பைவிட அகன்றிருக்கிறதா, கடிக்கும்போது ஏதாவது பல் அசைகிறதா. தொண்டையைப் பார்க்க டார்ச் அடிக்கும்போது கீழ் உதட்டை விரலால் இழுத்து ஈறையும் ஒரு பார்வை பாருங்கள். இளஞ்சிவப்பாக, பல்லோடு ஒட்டி இருக்க வேண்டும். கருஞ்சிவப்பாக, உப்பி, பளபளப்பாக இருந்தால் அனுப்புங்கள். பீடி சிகரெட் பிடிப்பவர் ரத்தம் வரவில்லை என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். புகை ரத்தக் கசிவை மறைத்துவிடும், அழிவு உள்ளே நடந்துகொண்டே இருக்கும். அம்லோடிபின் சாப்பிடுகிறவருக்கு ஈறு பல்லின் மேல் ஏறி வளர்ந்திருந்தால் அதையும் ஒரு வார்த்தை குறிப்பிடுங்கள். மாத்திரையை மாற்ற முடியுமா என்று சேர்ந்து யோசிக்கலாம்.

ஈறு வீக்கத்துக்கு அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் ஐந்து நாள் எழுதி அனுப்புவதை விட்டுவிடுங்கள். சீழ்க்கட்டி, காய்ச்சல், முகவீக்கம் என்றால் விஷயம் வேறு. மற்றபடி காரை வேரில் ஒட்டியிருக்கும்வரை படலம் சில வாரங்களில் திரும்பிவிடும், செய்தி திரும்பிவிடும், நொதியும் திரும்பிவிடும். நோயாளிக்குக் கிடைப்பது குணமாகிவிட்டது என்ற நினைப்பு மட்டும். அடுத்த முறை அவர் வரும்போது பல் ஆடிக்கொண்டிருக்கும்.

‘வயசானா பல் ஆடத்தான் செய்யும்’ என்றும் தயவுசெய்து சொல்லாதீர்கள். வயதால் பல் ஆடாது. அந்த 11 விழுக்காட்டுத் தோட்டத் தொழிலாளர்களை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாகப் பிடுங்கிவிட்டு செட் போட்டுக்கொள்ளச் சொல்பவர்களுக்கும் ஒன்று: செட் கட்டியவர் கீரையும் காயும் பயறும் விட்டுவிட்டு, குழைந்த சோறும் இட்லியும் ரசமும் என்று இறங்கிவிடுவார். நீங்கள் எழுதிக்கொடுத்த உணவுப் பட்டியல் அதோடு முடிந்தது.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருப்பவர்களிடம் தனியாக ஒன்று. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரை மாத்திரை கொண்டுபோகும் பெண் தன்னார்வலர்கள் உங்களோடு இருக்கிறார்கள். ரத்தம் வருகிறதா, பல் அசைகிறதா என்ற இரண்டு கேள்விகளை அவர்கள் கையேட்டில் சேர்க்க உங்கள் மாவட்ட அதிகாரிகளிடம் எழுதிக் கேளுங்கள். ‘ஆமாம்’ என்பவரை அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

சர்க்கரை மிக அதிகமாக, கட்டுப்பாடே இல்லாமல் இருக்கும் ஒருவருக்கு அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டுமென்றால் நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். அப்போதும் பல் தேய்க்கக் கற்றுக்கொடுப்பதையும், மேல் காரையையும் அடிக் காரையையும் எடுப்பதையும் தள்ளிப்போடச் சொல்லாதீர்கள். ‘பல்லை அப்புறம் பார்க்கலாம்’ என்ற இடத்தில், ‘சர்க்கரைக்கு நான் பார்க்கிறேன், ஈறுக்கு இந்த வாரமே போய்க் காட்டுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள்.

அனுப்பும்போது சீட்டில் கடைசி எச்பிஏ1சி எவ்வளவு, எந்தத் தேதி, என்னென்ன மாத்திரை, ஊசி என்று இரண்டு வரி எழுதுங்கள். ஏழு அல்லது அதற்கு மேல் இருந்தால், எங்கள் 2018 வகைப்பாட்டின்படி அவருக்கு நோய் வேகமாக முற்றும் பிரிவு. அதற்கேற்ப அவரை அடிக்கடி வரச்சொல்வோம். எங்கள் தரப்பில் ஈறின் ஆழம் எத்தனை மில்லிமீட்டர், எத்தனை இடத்தில் ரத்தம் என்பதை எழுதி உங்களுக்கே திருப்பி அனுப்புகிறோம். மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து இன்னொரு சீட்டு வரும். அதே வாரத்தில் நீங்களும் எச்பிஏ1சி பாருங்கள், இரண்டு சீட்டையும் அந்தத் துணிப்பையிலிருக்கும் கோப்பில் சேர்த்தே வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளின் ஈறைப் பார்க்கும் ஒரு பல் மருத்துவர்